பித்தளைப் பட்டை

ஜெயமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். லேத்தில் அவன் கைக்கு ஈடு கிடையாது என்று சவூதியின் ஜுபைலில் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போகிற எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அது மட்டும் அவனுக்குப் போதவில்லை. ரூமில் எட்டுப் பேர் சோற்றுத் தட்டோடு வட்டமாக உட்கார்ந்ததும், "எங்க கல்வராயன் மலையில நான் அடிக்காத பன்னியா?" என்று ஆரம்பித்துவிடுவான். நாட்டுத் துப்பாக்கியில் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து சுட்ட கதைகள். கேட்பவர்களுக்குச் சாப்பாடு இறங்குவதே தெரியாது.

உண்மையில் வேட்டைக்காரர் அவனுடைய மாமன். ஜெயமணி அவருக்குப் பின்னால் மருந்து டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும் தூக்கிக்கொண்டு நடந்தவன். தன் கையால் சுட்டது மொத்தம் மூன்று தடவை. மூன்றும் மரத்தில்தான் பட்டது.

அந்தக் கதைகளை முதலாளியின் காதுவரை கொண்டுபோனவர் கலீலுர் ரஹ்மான். கீழக்கரைக்காரர், அதே ரூமில்தான் இருந்தார். ஒர்க்‌ஷாப்பின் முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்ட்டரில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். முதலாளிக்கு வண்டியும் ஓட்டுவார். அரபி அவருக்குத் தாய்மொழி மாதிரி. ஜெயமணிக்கோ இல்லை என்கிற மாஃபி, முடிந்தது என்கிற கலாஸ், கிளம்பு என்கிற யல்லா தவிர ஒன்றும் ஏறவில்லை. முதலாளி அபு நாசர் என்ன சொன்னாலும் கலீல் பாய் தமிழில் சொன்னால்தான் உண்டு.

2003 டிசம்பரில் ஒரு காலை, அபு நாசர் ஒரு நீளமான துணிப்பொட்டலத்தோடு வந்தார். எழுபது வயது மனிதர். பொட்டலத்தைத் தானே அவிழ்த்து வேலை மேசைமேல் வைத்தார். உள்ளே வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய ரைஃபிள் ஒன்று. அவருடைய அப்பா யேமன் பக்கத்து வியாபாரி ஒருவனிடம் ஒட்டகம் கொடுத்து வாங்கியதாம்.

"இதால எங்க வாப்பா முயல் அடிச்சுத்தான் எங்களுக்குக் கறி கொடுத்தாரு. சாகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு முயலாவது நான் இதால அடிக்கணும்னு சொல்றாரு," என்று கலீல் பாய் மொழிபெயர்த்தார். "ஓம் பேரைச் சொல்லி வச்சதே நான்தான். பாத்துச் சொல்லுப்பா."

ஜெயமணி குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எத்தனையோ வருடம் இடித்து இடித்து, கம்பி உரசிய பக்கமாக வாய் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. உள்ளே ஓடிய திருகு வரிகள் வாய்ப்பக்கம் ஒரு சாண் தூரத்துக்கு அழிந்தே போயிருந்தன. அடிப்பக்கம், மருந்து எரிகிற இடத்தில், சுட்டபின் சரியாகக் கழுவாமல் விட்ட கரி துருவாகி, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் தின்றிருந்தது. மருந்தைப் பற்றவைக்கிற கேப் மாட்டும் மூக்கின் துளை, நெருப்பு பீறிப் பீறி, அகன்று கிடந்தது.

சுவரில் மாட்டி வைக்க வேண்டிய துப்பாக்கி. அதைத்தான் அவன் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தவன் கிழவரின் முகத்தைப் பார்த்தான். பண்டிகைத் துணிக்கு அளவு கொடுக்க நிற்கிற குழந்தையின் முகம். பக்கத்தில் கலீல் பாய், தான் சிபாரிசு செய்த ஆள் என்ன சொல்லப் போகிறான் என்ற பெருமையோடு நின்றார். லேத் ஓட்டுகிற பிலிப்பினோ பையன்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பத்து நாள் டைம் குடுங்க," என்றான் ஜெயமணி. "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்."

வேலையை நன்றாகத்தான் செய்தான். வாய்ப்பக்கம் தேய்ந்த ஒரு விரற்கடையை வெட்டி எடுத்து, விளிம்பை வட்டம் பிசகாமல் கடைந்தான். புது மூக்கு செய்து மாட்டினான். வெந்நீர் விட்டுக் கழுவிக் கழுவி உள்ளே இருந்த துருவைக் கிளப்பினான். அடிப்பக்கக் குழிகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கொஞ்சமாக மருந்து போட்டால் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப் லீவு. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிடலாம் என்று, அபு நாசர் கொடுத்த மருந்து டப்பாவோடு தனியாகப் பின்பக்கத்து வெட்டவெளிக்குப் போனான். மருந்தைக் கொட்டினான். குண்டை வைத்து இடித்தான். பாதி வழியில் எங்கோ குண்டு இறுகி நின்றுவிட்டது. கம்பியை எடுத்து அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டுவிட்டுச் சுடக் கூடாது என்று மாமன் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஆனால் இத்தனை கதை சொன்ன வாய்க்கு, அளக்கிற பொறுமை இல்லை. கல் ஒன்றின்மேல் துப்பாக்கியைச் சாத்தி வைத்து, விசையில் ஒரு கயிறு கட்டி, சற்றுத் தள்ளி நின்று இழுத்தான்.

வெடித்தது. புகை கலைந்ததும் எடுத்துப் பார்த்தான். அடியிலிருந்து இரண்டு சாண் தூரத்தில், எலியை விழுங்கிய பாம்பின் வயிறு மாதிரி குழல் உப்பியிருந்தது.

அந்த வீக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வெகு நேரம் மணலில் உட்கார்ந்திருந்தான். போய்ச் சொல்லலாம். "கெடுத்துட்டேன்" என்று ஒரு வார்த்தை. அந்தக் கிழவர் அவனை அடிக்கவா போகிறார்? ஆனால் ரூமில் சொல்வார்கள்: பன்னி பன்னியா அடிச்சவன், ஒரு குண்டை ஒழுங்கா இறக்கத் தெரியாதவன். அந்தச் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

மறுநாள் எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் குழலை லேத்தில் ஏற்றினான். உப்பின பகுதியை மேலாகச் சீவி எடுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் தடவிச் சூடு காட்டிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது கடைந்தவனுக்குத் தெரியும்: அந்த இடத்தில் இரும்பு இப்போது வெற்றிலை கனம். அதனால் அகலமாக ஒரு பித்தளைப் பட்டை செய்து, பூவேலை வெட்டி, அந்த இடத்தை மூடி இறுக்கினான். பட்டை தாங்கிக்கொள்ளும் என்று நம்ப விரும்பினான். பித்தளை என்ன தாங்கும் என்று கேட்டால் லேத் பிடிக்கிற எந்த டர்னரும் சிரிப்பான்.

அபு நாசர் வந்தார். பட்டையைப் பார்த்தார். அதன் பூவேலைமேல் கட்டைவிரலை வைத்து மெல்லத் தேய்த்தார். பிறகு ஜெயமணியின் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தமிட்டார்.

"இப்படிப் பட்டை போட்ட துப்பாக்கியத்தான் அவுங்க வாப்பாவோட கூட்டாளிங்கல்லாம் வச்சிருந்தாங்களாம்," என்றார் கலீல் பாய். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "ஓங்கிட்ட யாரும் சொல்லாமயே எப்படிச் செஞ்சேன்னு கேக்குறாரு."

"சும்மா, தோணிச்சு," என்றான் ஜெயமணி.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் பிக்கப்பில் கிளம்பினார்கள். வடக்கே தார் ரோடு விட்டு இறங்கி, புதர் திட்டுத் திட்டாக முளைத்த மணல்வெளி. முந்தின வாரம் பெய்த மழையில் லேசாகப் பச்சை பிடித்திருந்தது. அபு நாசருக்குக் கை நடுங்குகிறது என்பதால் மருந்து அளந்து போடும் வேலையைக் கலீல் பாய் செய்தார். வாழ்நாளில் அதைத் தொட்டறியாதவர். ஒரு சின்ன மூடியில் மருந்தை எடுத்து ஜெயமணியிடம் காட்டினார்.

"இவ்வளவு போதுமா?"

"பாதியாக் குறைங்க பாய்."

"பாதியா? முயலுக்கு எட்டுமா?"

"எட்டும். குறைங்க."

முதல் வெடி மணலைக் கிளப்பியது. முயல் தப்பித்தது. அபு நாசர் சிரித்தார். ஜெயமணி பட்டையைத் தொட்டுப் பார்த்தான். பித்தளை வெதுவெதுப்பாக இருந்தது, அசையவில்லை. போதும், திரும்பிப் போகலாம் என்று சொல்ல நினைத்தான். தாங்கிவிட்டதே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் அவன் வாயைக் கட்டிப்போட்டது.

கலீல் பாய் அதே பாதி மூடி மருந்தை அளந்து, ஜெயமணியிடம் காட்டிவிட்டே போட்டார். ஜெயமணி தலையாட்டினான். குண்டு அடிவரை இறங்கியதைக் கம்பி வைத்து அளந்தும் பார்த்தான். முப்பதடி தூரத்தில் ஒரு புதரடியில் முயல் காதை மட்டும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிழவர் ஒரு முழங்காலை மணலில் ஊன்றி, இடது கையைப் பட்டைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக் குறிவைத்தார்.

இரண்டாவது வெடியின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. புகைக்குள்ளிருந்து அபு நாசர் பின்பக்கமாகச் சாய்வதைத்தான் ஜெயமணி முதலில் பார்த்தான். குழல் அந்த இடத்தில் வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்து விரிந்திருந்தது. கிழவரின் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

கலீல் பாய்தான் ஓடினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையை இறுக்கிக் கட்டி, கிழவரைக் குழந்தை போலத் தூக்கி வண்டியில் போட்டு, "ஏறுடா!" என்று கத்தினார். ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு, மறு கையால் கிழவரின் தோளைத் தட்டிக்கொண்டே ஓதிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூத்த மகன் நாசர் வந்து நின்றார். முதல் கேள்வியே, மருந்து போட்டது யார் என்பதுதான்.

"நான்தான்," என்றார் கலீல் பாய். "ஆனா ஜெயமணி பாத்துச் சொன்ன அளவுதான் போட்டேன். பாதி மூடி." பிறகு ஜெயமணி பக்கம் திரும்பித் தமிழில், "சொல்லுப்பா. ரெண்டு தடவையும் ஒனக்குக் காட்டித்தானே போட்டேன்? நாசருக்கு உருது புரியும், நீயே சொல்லு," என்றார்.

நாசர் ஜெயமணியைப் பார்த்தார். அளவு சரி என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று ஜெயமணிக்குத் தெரியும். அளவு சரியென்றால் குழல் ஏன் வெடித்தது?

தனக்குத் தெரிந்த ஓட்டை உருதுவில் சொன்னான்: "ரெண்டாவது தடவை நான் பாக்கல. முயலைப் பாத்துட்டிருந்தேன்."

அவர் சட்டையெல்லாம் கிழவரின் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. கலீல் பாய் ஜெயமணியின் முகத்தையே பார்த்தார், தான் காதில் வாங்கியது சரியில்லையோ என்பது போல. ஜெயமணி தரையில் பதித்த டைல்ஸை எண்ண ஆரம்பித்தான்.

நான்கே நாளில் முடிவாகிவிட்டது. கலீல் பாய்க்கு ஃபைனல் எக்ஸிட். பதினோரு வருட வேலையை முடித்து ஊருக்கே அனுப்பிவிடுகிற முத்திரை. கிழவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார், மகன்தான் எல்லாம்.

ரூமில் யாரும் ஜெயமணியைச் சந்தேகப்படவில்லை. "பாவம் பாய், தெரியாத வேலையில கைய வச்சிட்டாரு," என்றார்கள். அதை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். லேத்தில் நின்றால், சுழல்கிற இரும்பிலிருந்து உரிந்து விழுகிற சுருளைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குழலிலிருந்து உரிந்த சுருளும் அப்படித்தானே பளபளவென்று விழுந்தது! இரண்டு நாளில் இரண்டு தடவை அளவு தப்பினான். அவன் வாழ்க்கையில் அப்படி ஆனதில்லை.

புறப்பட ஒரு நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கலீல் பாய் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். ரூமில் அவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். வளைகுடாவை விட்டு ஊருக்குப் போகிற ஒவ்வொருவனும் கட்டுகிற பெட்டி. ஆனால் இதில் ஒரு மிட்டாய் டப்பாகூட இல்லை. பழைய துணி, தலையணை, ஒரு கெட்டில்.

"ஓங் கைக்குப் பலம் ஜாஸ்தி. கயித்தை இறுக்கிக் கட்டிக் குடு," என்றார்.

ஜெயமணி மண்டியிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினான். திட்டப் போகிறார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"ஜெயமணி, நான் ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன்," என்றார் கலீல் பாய். "நீ பாக்கலன்னு சொன்னப்போ எனக்குக் கோவம். பொய் சொல்றானேன்னு. அப்பறம் நெனச்சேன், ஒருவேளை நீ சொல்றதுதான் நெசமோ. ஒனக்குக் காட்டுனதா நானே நெனச்சுக்கிட்டனோ. மொதத் தடவை முயல் தப்பிச்சதும் எனக்கே ஒரு ஆசை, அந்த மனுசனுக்கு ஒண்ணு கெடைக்கணும்னு. அந்த ஆசையில கை தன்னால கூடப் போட்டுருக்குமோ? இப்பல்லாம் எனக்குச் சரியா ஞாபகமே வரமாட்டேங்குது. மூடி நெறைய இருந்த மாதிரியே தோணுது." அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருசமா எனக்குச் சோறு போட்ட மனுசன். அவரு ரெண்டு விரலை இந்தக் கைதான்..."

"பாய்," என்றான் ஜெயமணி.

"அவருக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போவணும். இன்னைக்கு வீட்டுக்கு வந்துட்டாராம்."

"பாய், நீங்க பாதி மூடிதான் போட்டீங்க. எனக்குக் காட்டித்தான் போட்டீங்க. நான் தலையாட்டுனேன்."

கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பாதியில் நின்ற குண்டு, உப்பிய குழல், லேத், அரம், உப்புத்தாள், பட்டை. சொல்லும்போது கலீல் பாய் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் இந்தக் கையப் பாத்துக்கிட்டு நாலு நாளாத் தூங்கலடா. நீ எதிர்க்கட்டில்லதானே படுத்திருந்தே?"

"பெரியவர்கிட்ட நானே சொல்லிடறேன் பாய்," என்றான் ஜெயமணி.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரத்துக்கு இருவரும் அபு நாசரின் வீட்டுக்குப் போனார்கள். கிழவர் தரை விரிப்பில் திண்டு மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை பெரிய வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. நாசர் பக்கத்தில் நின்றார். ஜெயமணி வந்தது எதற்கென்று சொல்ல அவனுக்கு அரபி இல்லை. உருதுவில் நாசரிடம் சொல்லலாம். ஆனால் அவனுக்குச் சொல்ல வேண்டியது கிழவரிடம். அதற்கு இருந்த ஒரே வாய் கலீல் பாயின் வாய்.

"நீ சொல்லு. நான் ஒண்ணும் கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்," என்றார் அவர்.

ஜெயமணி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். ஒவ்வொன்றையும் கலீல் பாய் குரல் ஏறாமல் இறங்காமல் அரபியில் சொன்னார். "அவர் மேல பழி போனப்போ நான் பேசாம இருந்தேன்" என்ற இடத்தில், தன்னைப் பற்றிய அந்த வார்த்தையைத் தானே சொல்ல வேண்டி வந்தபோது மட்டும் அவர் சற்று நின்றார். பிறகு அதையும் சொன்னார்.

நாசர் கத்திக்கொண்டு முன்னால் வந்தார். கிழவர் நல்ல கையை உயர்த்தினார். மகன் நின்றுவிட்டார். பிறகு அபு நாசர் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். கலீல் பாய் அதைத் தமிழில் சொன்னார்.

"பட்டைக்காக ஒன் நெத்தியில முத்தம் கொடுத்தேனே, அப்ப ஒனக்குத் தெரியுமா, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு?"

"தெரியும்," என்றான் ஜெயமணி.

அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமாகத் தெரியவில்லை. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்ட மனிதர் திரும்பிக்கொள்வது போலத்தான் இருந்தது. சுவரைப் பார்த்தபடியே இரண்டு வார்த்தை சொன்னார்.

"கலீல் போக வேண்டாங்குறாரு," என்றார் கலீல் பாய், வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல. "ஒன்ன நாளைக்கு வேலைக்குப் போகச் சொல்றாரு. இதப் பத்தி இனி இங்க பேசக் கூடாதாம். கலாஸ்."

தண்டனை கிடைக்கும் என்று வந்தவனுக்கு அது கிடைக்காமல் போனதில், எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறியதும், "பாய், என்னை..." என்று ஆரம்பித்தான்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொல்றியா?" கலீல் பாய் சாவியைத் திருப்பினார். "இப்ப வரல. வந்தாச் சொல்றேன். கதவைச் சாத்து."

ரூமிலும் ஜெயமணியே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அடுத்த வாரம் கலீல் பாய் வேறு ரூமுக்கு மாறிக்கொண்டார். கவுண்ட்டரில் வேலைக்கு வேண்டியதைப் பேசினார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கட்டுப் பிரித்த பிறகு அபு நாசர் ஒர்க்‌ஷாப்புக்கு வர ஆரம்பித்தார். எல்லோருக்கும் சொல்கிற ஸலாமை ஜெயமணிக்கும் சொன்னார். அவனுக்குத்தான் தலை நிமிரவில்லை. அந்த மூன்று விரல் கை டீக் கோப்பையைப் பிடித்துப் பழகிக்கொள்வதை லேத்தின் பின்னாலிருந்து பார்ப்பான்.

ஒரு மாதம் கழித்து மனைவி சரசுவிடம் போனில் சொன்னான். டெலிபோன் கடைக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, ஒன்றையும் மறைக்காமல். லேத்தில் ஏற்றிச் சீவியதைச் சொல்லும்போதுதான் அவனுக்குக் குரல் அதிகமாக உடைந்தது. தன் தொழிலுக்கே செய்த துரோகம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சரசு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பெரியவர் கையக் கட்டித் தூக்கிட்டு ஓடுனாரே அந்த பாய்," என்றாள் கடைசியில். "அவர் சட்டையில ரத்தம் காயறதுக்குள்ள, 'நான் பாக்கல'ன்னு எப்படிங்க சொன்னீங்க?"

"தெரியல சரசு."

"துப்பாக்கி கெட்டுப்போனது பயம். மறைச்சதும் பயம். அதெல்லாம் எனக்குப் புரியுது. இது புரியல."

அவனுக்கும் புரியவில்லை. அவள் "சாப்டீங்களா" என்று கேட்காமலே போனை வைத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. வெளியே வரிசையில் நின்றவன் கண்ணாடியைத் தட்டியபோதுதான், ரிசீவரை இன்னும் காதிலேயே வைத்திருப்பது ஜெயமணிக்கு உறைத்தது.